துணைக்கு வந்தவன்

தை அமாவாசையன்று அப்பாவுக்கு வைத்த சோறு காலியாகியிருந்தது. அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சோறு வைப்பதே காலியாவதற்குத்தான். ஆனால் கார்மேகம் அதை வைத்தது ராமநாதபுரத்து வீட்டுக் கூரையில் அல்ல. துபாயிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், பாலைவனத்தின் நடுவே, இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்டு அடைத்த ஒரு மான் பட்டிக்குள். இங்கே வந்ததிலிருந்து அவன் ஒரு காக்கையின் குரலைக்கூடக் கேட்டதில்லை.

பட்டியின் முதலாளி ஓர் அரபி. மான் வளர்ப்பது அவருக்கு ஆசை. கஸால் என்று இங்கே சொல்வார்கள். நம் ஊர் வெளிமானுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, சிறுத்த உடம்பும் மை தீட்டிய கண்ணுமாக இருக்கும். சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வதும், ஜத் என்று இவர்கள் சொல்லும் குதிரைமசால் கட்டுகளைப் பிரித்துப் போடுவதும், நரிக்குப் பொறி வைப்பதும்தான் கார்மேகத்தின் டூட்டி. மான் திருடு போகிறது என்பதால் கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு. சாவி சுஐபிடம் இருந்தது. கீழக்கரைக்காரனான சுஐபு துபாயின் அல் குசைஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் பிக்கப்பில் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவான். மற்ற நாளெல்லாம் கார்மேகம் உள்ளே அடைபட்டுக் கிடந்தான்.

அவன் அப்பா இறந்தது போன வருஷம். கொள்ளி வைக்கப் போக முடியவில்லை, போனில் பார்த்ததோடு சரி. அதனால்தான் இந்த அமாவாசைக்கு ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று விடிகாலையில் தலைக்குக் குளித்து, பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்து, அலுமினியத் தாளில் முதல் உருண்டையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டான். வெட்டவெளியில் மணலைப் பார்த்துக் காக்கையைக் கூப்பிடுகிற தன்னை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

"எந்த ரூபத்துலயாச்சும் வந்து சாப்புடுப்பா" என்று சத்தமாகவே சொன்னான். "இங்க ஒத்தையில கெடக்கேன். என் கூட இருப்பா."

அவன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தாளில் ஒரு பருக்கை இல்லை. மான் தின்றிருந்தால் தாளைக் கடித்துக் குதறியிருக்கும். இது வழித்து நக்கியதுபோலப் பளிச்சென்று இருந்தது. தொட்டியடியின் ஈரமணலில் மான் குளம்புகள் கலைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன. கார்மேகம் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அவன் கை அதற்குள் குழந்தைக் கை மாதிரிக் கிடந்தது.

வேறொருவனாக இருந்தால் அந்த இடத்திலேயே சுஐபுக்குப் போன் போட்டிருப்பான். கார்மேகமோ கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்பாவுக்குப் பெரிய கை. விசாவும் இல்லாமல் டிக்கெட்டும் இல்லாமல் மனிதர் வந்து சேர்ந்துவிட்டார் என்று அவன் உள்ளூர மகிழ்ந்தான். அமாவாசையோடு நிறுத்த வேண்டியதை அவன் மறுநாளும் செய்தான், அதற்கு மறுநாளும் செய்தான். தினமும் முதல் உருண்டை தொட்டி விளிம்புக்குப் போனது. தினமும் தாள் பளபளத்தது.

அந்த வாரக் கடைசியில் பனி இறங்கியது. குளிர்காலத்துப் பாலைவனப் பனி நம் ஊர் மார்கழிப் பனி அல்ல. காலையில் கதவைத் திறந்தால் வேலியும் இருக்காது, தொட்டியும் இருக்காது, நீட்டிய கையே பாதிதான் இருக்கும். கார்மேகம் புல் கட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஈர மணல் காலில் ஒட்ட ஒட்ட, தண்ணீர் குடிக்கும் சப்தத்தை வைத்தே தொட்டியை நோக்கி நடந்தான். மான்கள் குடிப்பது அவனுக்குப் பழகிய சத்தம், மெல்லிய நாக்குகள் படபடவென்று நீரைத் தொடுகிற சத்தம். அதன் அடியில் இன்னொன்று கேட்டது. மாட்டைப்போல இழுத்து இழுத்து உறிஞ்சுகிற சத்தம், நடுநடுவே மூச்சு, தொண்டைக்குள் இறங்குகிற மடக்குமடக்கு.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போனான். மான்களின் முதுகுகள் வரிசையாகத் தெரிந்தன. அவற்றின் நடுவில் ஒரு முதுகு மட்டும் உயரமாக, ரோமம் மண்டி, பனியில் நனைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தொட்டி விளிம்பை இரண்டு கைகள் பற்றியிருந்தன. மான்கள் அதன் விலாவில் உரசிக்கொண்டு நிம்மதியாகக் குடித்தன. ஈரமண் வாசனை வந்தது, குயவர் வீட்டில் அப்போதுதான் பிசைந்த களிமண்ணின் வாசனை. அது தலையைத் தூக்கியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முடிதான் தொங்கியது. அந்த முடிக்குப் பின்னாலிருந்து அது அவனைப் பார்க்கிறது என்று கார்மேகத்துக்குத் தெரிந்தது.

புல் கட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. அவன் பட்டிக்குள்ளேயே தான் தங்கும் கேபினுக்குள் ஓடித் தாழ் போட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தபோது பல் கிட்டித்துப் போயிருந்தது. அப்பா இல்லை. அது அப்பா இல்லவே இல்லை.

சுஐபைக் கூப்பிடப் போனை எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டான். சொன்னால் என்ன நடக்கும்? தனியாகக் கிடந்து பையனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்பார்கள். மெடிக்கல் என்பார்கள், லீவைத் தள்ளிப் போடுவார்கள். வருகிற வெள்ளி போய் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு டிக்கெட். அவன் விமானம் ஏறியபோது மனைவி பானுப்பிரியாவுக்கு ஏழாம் மாசம். மகள் நாகஜோதிக்கு இப்போது மூன்று வயசு ஆகப்போகிறது. அவளுக்கு அப்பா என்றால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முகம், அவ்வளவுதான். தூங்கப் போகும்போது போனுக்கு முத்தம் கொடுப்பாள். அந்தப் பிள்ளையைத் தூக்காமல் இன்னொரு நாள்கூட அவனால் இருக்க முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சுஐபோடு டாக்டர் நுஃமானும் வந்தார். மான்களுக்கு ஊசி போடுகிற டாக்டர், இராக் நாட்டுக்காரர், நாசிரியா அவருக்குச் சொந்த ஊர். வேலி ஓரமாக ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தவர், நரிப் பொறிகளைத் தூக்கிக் காட்டினார். இரும்புப் பற்கள் ஒவ்வொன்றும் கையால் வளைக்கப்பட்டிருந்தன. நரிக்காக வெட்டிய குழிகள் தூர்க்கப்பட்டிருந்தன.

"இது நீயா பண்ணுன?" என்றான் சுஐபு.

"நான் ஏன் பாய் பண்ணப்போறேன்."

டாக்டர் அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். சுஐபு பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து சாயா குடித்தபடி அதைத் தமிழில் சொன்னான்.

"அவங்க ஊருப் பக்கம் ரொம்பப் பழைய கதை ஒண்ணு இருக்காம் மேகம். ஆயிரக்கணக்கான வருசமாம். ஒரு ராசா இருந்தானாம், அவனுக்குச் சோடியா நிக்க ஊர்ல ஒரு ஆளு இல்ல. சனங்க அழுது கேட்டதும், சாமி களிமண்ணக் கிள்ளி பொட்டக்காட்டுல எறிஞ்சுச்சாம். அதுலேர்ந்து எந்திரிச்சவன் பேரு என்கிடு. ஒடம்பெல்லாம் முடி. மானோட மேய்வான், மானோட தண்ணி குடிப்பான், வேட்டைக்காரன் வைக்கிற பொறியெல்லாம் பிச்சுப் போட்டுருவான். இந்தப் பொறியப் பாத்ததும் டாக்டருக்கு அந்த ஞாபகம் வந்துருச்சாம்."

கார்மேகம் சாயாவைக் கீழே வைத்தான். "அப்புறம் அவன் என்ன ஆனான்?"

சுஐபு கேட்டுச் சொன்னான். "மனுசங்க சாப்பாட்டக் குடுத்தாங்களாம். ஒரு பொம்பளையாளு துணி குடுத்து, ரொட்டி குடுத்துப் பழக்குனாளாம். அதோட அவன் மனுசனாயிட்டான். மானெல்லாம் அவனக் கண்டு ஓட ஆரம்பிச்சிருச்சு. அந்த ராசாவுக்கு அவன்தான் கூட்டாளி, கூடப் பெறக்காத தம்பி மாதிரி."

"மான் கூட்டத்துல அவன் இருந்த எடம் காலியாயிருச்சுல்ல. அங்க யாரு போனா?"

சுஐபு அதை டாக்டரிடம் அரபியில் கேட்டான். அவர் தோளைக் குலுக்கினார்.

"அது கதையில இல்லையாம்" என்றான் சுஐபு. "உனக்கு ஏன்பா அந்த விசாரம். வர்ற வெள்ளிக்கு நீ ஊருக்குப் போற. காலையில குளிச்சு ரெடியா இரு, பிக்கப்ல ஏர்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டுர்றேன்."

அப்போதே பிக்கப்பில் தாவி ஏறியிருக்கலாம். ஏறிவிடத்தான் கார்மேகத்தின் கால் துடித்தது. ஆனால் டூட்டியை விட்டு ஓடினான் என்று விசா கொடுத்த முதலாளி கஃபீலுக்குப் போய்விட்டால் டிக்கெட்டும் போச்சு, லீவும் போச்சு. ஒரே வாரம், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நின்றான். கேட் மூடியது. சங்கிலி கம்பியில் உரசுகிற ஓசையும் பூட்டின் கிளிக்கும் கேட்டன. வண்டிச் சத்தம் மணலில் தேய்ந்து போகும்வரை அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

அன்றிலிருந்து சோறு வைப்பதை நிறுத்தினான்.

மறுநாள் மத்தியானம் கதவுக்கு வெளியே மூச்சு கேட்டது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, கதவிடுக்கின் வெளிச்சக் கோட்டை இரண்டு பாதங்களின் நிழல் மறைத்தது. களிமண் வாசனை உள்ளே ஊர்ந்து வந்தது, கூடவே பழைய சோற்றின் புளிப்பும். கார்மேகம் அடுப்பை அணைத்தான். குக்கர் விசிலடித்து ஓய்ந்த அமைதியில், வெளியே ஏதோ தொண்டையைச் செருமிக்கொண்டது, முதல்முறையாகத் தொண்டை என்று ஒன்றைப் பயன்படுத்துகிறவனைப்போல.

"எந்த ரூபத்துலயாச்சும்" என்றது. "வந்து சாப்புடுப்பா."

அவன் குரல்தான். ராமநாதபுரத்து இழுப்போடு, அப்படியே.

"ஒத்தையில கெடக்கேன். என் கூட இருப்பா."

கார்மேகம் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அது வெகுநேரம் நின்றது. கடைசியில் அவன் பயந்துபோய், குக்கரை அப்படியே ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டான். தின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தான். அன்று அது குக்கர் சோறு முழுவதையும் தின்றது. கையால் பிசைந்து, உருட்டித் தின்றது.

அதற்குப் பிறகு அவன் தின்ன உட்கார்ந்த சோறு நாறியது. அரிசி கெட்டுவிட்டதோ என்று புது மூட்டையைப் பிரித்தான். அதுவும் குமட்டியது. பருப்பின் தாளிப்பு மூக்கில் ஏறி எரிந்தது. சோப்பு எடுத்துக் கையில் தேய்த்தால் தோல் காந்தியது. ஆனால் வாசலில் கிடந்த குதிரைமசால் கட்டிலிருந்து மழை பெய்த வயலின் வாசனை வந்துகொண்டே இருந்தது. வாயில் எச்சில் ஊறியது. வெட்கத்தோடு ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டான். இனித்தது. ஒரு பிடி தின்றான். தின்றுகொண்டே அழுதான்.

மான்கள் இப்போது தொட்டிக்கரையில் அதைக் கண்டால் சிதறி ஓடின. அது நடந்து போகிற பக்கமெல்லாம் அவை எதிர்ப்பக்கம் ஒதுங்கின. ஓடிவந்து கார்மேகத்தின் கேபின் வாசலில் கூடி, அவன் முழங்கையில் மூக்கை வைத்துத் தேய்த்தன. முழங்கையில் புதிதாக முடி அடர்ந்திருந்தது. அவன் அதைச் சட்டையால் மூடிக்கொண்டான்.

புதன்கிழமை சுஐபுக்குப் போன் போட்டான். விரல் தடித்துப்போய் எண்கள் சரியாக அழுந்தவில்லை.

"பாய். இப்பவே வா பாய்."

"என்னப்பா கொரலு ஒரு மாதிரி இருக்கு? சளியா?"

"கேட்டத் தொறந்து விடு. போதும்."

"ரோட்டுல ஒரே பனி, மேகம். ஒரு வண்டியும் விடமாட்டேங்கிறான். நாளை மறுநாள் வெடியக்காலம் வந்துர்றேன். பெட்டியக் கட்டி வையி."

வேலியை ஏறிப் பார்த்தான். கம்பி கையைக் கிழித்தது, உச்சியில் முள்சுருள். மணலைத் தோண்டினான். அடியில் கான்கிரீட். கேட்டில் முட்டினான், தலையால் முட்டினான். ஏன் தலையால் முட்டுகிறோம் என்று அவனுக்குப் புரியவில்லை.

வியாழன் விடிந்தபோது அவன் வெளியே கிடந்தான். எப்போது வெளியே வந்தான் என்று நினைவில்லை. சுற்றிலும் மான்களின் வெதுவெதுப்பு. பல்லிடுக்கில் பச்சை. பனிக்குள் கேபினின் ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. குமட்டிக்கொண்டே அவன் படியேறிக் கதவைத் தள்ளினான். உள்தாழ் போட்டிருந்தது.

தட்டினான்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரது?" என்று கார்மேகத்தின் குரல் கேட்டது.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பேர் நாக்கு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. ஒரு கனைப்புதான் வெளியே வந்தது. தனக்குத்தானே பயந்து பின்வாங்கினான். ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கண்ணாடி முன்னால் அது நின்றுகொண்டிருந்தது, அவனுக்கு முதுகைக் காட்டி. அவனுடைய ரேசர். அவனுடைய லுங்கி. தரையில் கற்றை கற்றையாக முடி. சிரைத்த கழுத்து கறுத்து, ஒல்லியாக, அவன் கழுத்தைப்போலவே இருந்தது. அது பொறுமையாகக் கன்னத்தை மழித்தது. பெட்டி கட்டி வைத்திருந்தது. அது திரும்பப் போகிறது என்று தெரிந்ததும் கார்மேகம் ஓடிவிட்டான். அந்த முகத்தை மட்டும் அவன் பார்க்க விரும்பவில்லை.

நாளைக்குக் கேட் திறக்கும். அது ஒன்றைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். திறந்ததும் ஓடிப்போய்ச் சுஐபின் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். பேச வராவிட்டால் என்ன? மணலில் எழுதிக் காட்டலாம். பேரை எழுதலாம். நாகஜோதி. ஒருதரம் எழுதிப் பார்த்தான். ஒரு சுழிகூட வரவில்லை, குழிகள்தான் விழுந்தன.

வெள்ளிக்கிழமை விடிகாலை. பனி. வண்டி விளக்குகள். சங்கிலி உரசும் ஓசை.

கேட் திறந்தது.

அவன் பாய்ந்தான். கேட்டுக்கு நேராக, நேராக. பத்தடி தூரம்கூட இல்லை. அப்போது சுஐபின் வாசனை வந்து அடித்தது. அத்தர், டீசல், வேர்வை, மனிதன். அவன் மனசு போ போ என்றது. கால்கள் கேட்கவில்லை. முதுகெலும்பில் ஏதோ சொடுக்கி, உடம்பு தானாகத் திரும்பி, மந்தையோடு சேர்ந்து தலைதெறிக்க ஓடியது. எதிர்வேலியில் போய் மோதித்தான் நின்றது. மறுபடி திரும்பினான். மறுபடி அந்த வாசனை. மறுபடி ஓட்டம். திறந்த கேட் அங்கேயே இருந்தது, அவனால் கிட்டப் போக முடியவில்லை.

"இன்னைக்கு என்ன, மானெல்லாம் இந்த ஓட்டம் ஓடுது" என்று சுஐபு சொன்னது கேட்டது. "என்ன மேகம், சளி வுட்டுருச்சா? மூஞ்சியெல்லாம் தெளிஞ்சு கெடக்கு, மாப்பிள்ள மாதிரி. ஏறு, ஏறு. யல்லா."

"வந்துட்டேன் பாய்."

பெட்டி பின்னால் விழும் சத்தம் கேட்டது. கேட் மூடியது. பூட்டு விழுந்தது. வண்டி வேலியை ஒட்டியே மெதுவாக வந்தது, பாதை அப்படித்தான் போகிறது. ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. காற்று எதிர்ப்பக்கம் திரும்பி, மனித வாசனை மங்கியதும் கார்மேகத்தின் கால்கள் அடங்கின. வேலிக்கு வந்து நின்றான். ஜன்னலிலிருந்து ஒரு கை போனை வெளியே நீட்டிப் பட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்து வெளிச்சத்தில் ஒரு சின்ன முகம். கலைந்த தலை, கண்ணில் தூக்கம். நாகஜோதி.

"பாத்தியா கண்ணு, அப்பா சொன்னேன்ல, மான் இதுதான்."

"அந்தப் பெரிய மானு ஏம்ப்பா என்னயே பாக்குது?"

கார்மேகம் கம்பியில் முகத்தை அழுத்தினான். அவள் பேரைச் சொல்ல நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தான். தொண்டை கிழியக் கத்தினான். கனைப்பு கேட்டுக் குழந்தை களுக்கென்று சிரித்தது.

"அது ஒத்தையில கெடக்குல்ல கண்ணு, அதான்" என்றது அவன் குரல். "அப்பா ராத்திரிக்குள்ள வந்துருவேன். நீ தூங்காம முழிச்சிரு, ஆசையா தூக்கிக்கிறேன்."

குழந்தை போனுக்கு முத்தம் கொடுத்தது. கண்ணாடி ஏறியது. பின்விளக்கு இரண்டும் பனிக்குள் கொஞ்சதூரம் சிவப்பாகத் தெரிந்து, பிறகு தெரியவில்லை. மான்கள் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குப் போய்த் தலை குனிந்தன. தாகம் எடுத்தது. அவன் கைகளை மணலில் ஊன்றி அவற்றின் பின்னால் போனான்.